அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகலாமா? அகதியாக வந்து பி.ஆர். எடுத்த ஒருவருக்குப் பதில்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து 44 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கிளிநொச்சிக்காரர். 2010 தொடக்கத்தில் ஏஜென்சிக்காரரை நம்பிக் கொழும்பில் விமானம் ஏறினார். தாய்லாந்து, ஈக்குவடோர், பிறகு காடும் ஆறுமாக மத்திய அமெரிக்கா, மெக்சிகோ, டெக்சாஸில் தடுப்புமுகாம் என்று பதினான்கு மாதம் அலைந்து, கனடா எல்லையோர அமெரிக்க நகரமான பஃபலோ வந்து சேர்ந்தார். அமெரிக்கா வழியாக வருபவரை அங்கேயே அகதிக் கோரிக்கை வைக்கச் சொல்வது பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தம். கனடாவில் சொந்த மாமா இருந்ததால், அதன் விதிவிலக்கில் போர்ட் ஈரி எல்லையில் அகதிக் கோரிக்கை வைக்க முடிந்தது. 2013இல் கேஸ் வென்றது. 2015இல் பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை, கிடைத்தது. 2017இல் கனடா தந்த அகதிப் பயணப் பத்திரத்தில் திருச்சிக்குப் போய்க் கல்யாணம் செய்தார். கிளிநொச்சியில் இருந்து அம்மா அங்கே வந்திருந்தார். தாயும் மகனும் கடைசியாக நேரில் பார்த்தது அப்போதுதான். மனைவியை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டார். இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பண்டசாலையில் இரவு வேலை செய்கிறார்.

அம்மாவுக்கு இப்போது 76 வயது. இதயத்தில் அடைப்பு, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். "கண் மூட முன்னம் ஒருக்கா வந்திட்டுப் போ ராசா" என்று ஒவ்வொரு அழைப்பிலும் கேட்கிறாராம். பயணப் பத்திரம் காலாவதியாகிவிட்டது. "திரும்ப அதற்கு அலைய முடியாமல்" 2023இல் ரொறன்ரோவில் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறார், இன்னும் பயன்படுத்தவில்லை. வேலைத்தலத்தில் மூன்று பேர் இப்படிப் போய் வந்துவிட்டார்களாம், ஏர்போர்ட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். "பத்து நாள்தான். ஆஸ்பத்திரி, வீடு, கோயில். பி.ஆர். கார்ட் இருக்கும்போது என்ன பிரச்சினை வரும்? அம்மாவுக்கு ஏதும் நடந்தால் மூத்த மகன் நான் கொள்ளி வைக்கப் போகவும் கூடாதா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த இலங்கைக் கடவுச்சீட்டில் ஊருக்குப் போகாதீர்கள். வேறு எந்த நாட்டுக்கும் அதில் போகாதீர்கள். அம்மாவைப் பார்க்க வழி இருக்கிறது, ஒன்றல்ல, மூன்று இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் இந்த வழியில் போனால், கனடாவில் பதினான்கு வருடத்துக்கும் மேலாகக் கட்டியதெல்லாம் ஒரே தீர்ப்பில் போய்விடலாம்.

பி.ஆர். கார்ட் உங்களைக் காக்காது

பி.ஆர். கிடைத்ததும் அகதி என்ற கதை முடிந்துவிட்டது என்று எம்மவரில் பலர் நினைக்கிறார்கள். 2012 டிசம்பருக்கு முன்பு ஓரளவுக்கு அப்படித்தான் இருந்தது. அகதிப் பாதுகாப்பு நீக்கப்பட்டாலும் பி.ஆர். தங்கியது. 2012 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஒருவர் தன் விருப்பத்தோடு சொந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி ஏற்றுக்கொண்டால் அவருக்குத் தந்த அகதிப் பாதுகாப்பை நீக்கலாம் என்கிறது. அந்தக் காரணத்துக்காகப் பாதுகாப்பு நீங்கினால், 46ஆம் பிரிவின்படி பி.ஆரும் அதே கணத்தில் போய்விடும்.

சொந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுப்பதும் புதுப்பிப்பதும் "அந்த அரசின் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டார்" என்ற அனுமானத்துக்கு இடம் கொடுக்கும். அதில் பயணம் செய்தால் அனுமானம் பலக்கும். அதைக் காட்டி அதே நாட்டுக்குள் நுழைந்தால் பதில் சொல்வது மிகக் கடினம். உங்கள் வழக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்களைப் பிடித்து விசாரித்தவர்கள் இராணுவத்தினர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் பயந்து ஓடியது அரசிடம் இருந்து. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கடவுச்சீட்டை நீட்டுவதும் அதே அரசின் அதிகாரியிடம். தனியாள் ஒருவருக்கோ ஆயுதக் குழுவுக்கோ பயந்து வந்தவரை விட, அரசுக்குப் பயந்து வந்தவருக்கு இந்தக் கேள்வி இறுக்கமாக வரும்.

பத்து நாள் என்பதற்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. தாயின் சுகவீனம் என்பதற்கும் தானாக விலக்கு கிடையாது. 2022 மார்ச்சில் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் காலிண்டோ கமாயோ வழக்கில், இப்படியான முடிவு எடுக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்று விரிவாகச் சொன்னது. பயணத்தின் நோக்கம், எத்தனை தடவை, எவ்வளவு காலம், அங்கே ஒளிந்து பாதுகாப்பாக இருந்தாரா, யாருக்குப் பயந்து வந்தவர், இப்படிப் போனால் தன் பாதுகாப்பை இழக்கலாம் என்பது அவருக்கு உண்மையில் தெரியுமா என்பதெல்லாம் அதில் வரும். சாகக் கிடக்கும் தாயைப் பார்க்கப் போனது அதில் எடைபெறும், சிலருக்கு அது கைகொடுத்தும் இருக்கிறது. ஆனாலும் அது விசாரணையில் வைக்கும் வாதம் மட்டுமே, முன்கூட்டியே கையில் கிடைக்கும் அனுமதிச்சீட்டல்ல. "எனக்குத் தெரியாது" என்ற வாதமோ, இந்தப் பதிலை வாசித்த பிறகு உங்களுக்கு இல்லை. அதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

"போய் வந்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லையே?"

ஏர்போர்ட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் வந்திறங்கும் ஒவ்வொருவரிடமும் அகதிக் கோப்பைப் பற்றி அதிகாரி கேட்பதில்லை. பிரச்சினை பெரும்பாலும் பிறகுதான் கிளம்பும். பி.ஆர். கார்ட் புதுப்பிக்கும்போது பயண விவரம் கேட்பார்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் ஐந்து வருடப் பயணங்களும் அந்தக் காலத்துக் கடவுச்சீட்டுகளின் நகல்களும் கேட்பார்கள். அகதியாக வந்தவரின் கோப்பில் இலங்கைக் கடவுச்சீட்டும் அதில் கட்டுநாயக்கா முத்திரையும் இருந்தால், அதிகாரி அதைக் கனடா எல்லைச் சேவை முகமைக்கு அனுப்பலாம். இதற்குக் கால எல்லை இல்லை. உங்கள் நண்பர்கள் மூவரும் சிற்றிசன் எடுத்து முடிக்கும் வரைக்கும் அவர்களின் கதை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அகதிப் பாதுகாப்பை நீக்கும்படி அரசின் சார்பில் அமைச்சர் தரப்பு விண்ணப்பித்தால் குடிவரவு மற்றும் அகதிகள் சபையின் அகதிகள் பாதுகாப்புப் பிரிவில் விசாரணை நடக்கும். அது முடியும்வரை குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. தோற்றால் சபையிலேயே மேன்முறையீடு செய்ய வழியில்லை. 15 நாளுக்குள் பெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். மனிதாபிமான அடிப்படையிலான விண்ணப்பத்துக்கும் பொதுவாக ஒரு வருடத் தடை வரும். பிள்ளைகளுக்கு நேரடியாகப் பாதிப்பு என்று காட்டினால் அந்தத் தடைக்கு விலக்குக் கேட்கலாம். ஆனால் பிள்ளைகள் கனேடியர்கள் என்பதாலேயே தகப்பனை நாடுகடத்த முடியாது என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. கனேடியப் பிள்ளைகளின் பெற்றோரும் நாடுகடத்தப்படுகிறார்கள்.

ஏஜென்சிக்காரர் சொன்னதாக எழுதிய "சென்னை வரைக்கும் கனேடியப் பயணப் பத்திரம், அங்கிருந்து இலங்கைக் கடவுச்சீட்டு" என்ற யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றிலும் மோசமானது அதுதான். இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திகதிகளைப் பார்க்கும் எந்த அதிகாரிக்கும், நீங்கள் விஷயம் தெரிந்தே மறைத்தீர்கள் என்று விளங்கிவிடும்.

ஆறுதலான ஒன்றையும் சொல்கிறேன். "யுத்தம் முடிந்துவிட்டது, இனி அகதி இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்புவார்களா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாட்டு நிலைமை மாறிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் அகதிப் பாதுகாப்பை நீக்கினால் பி.ஆர். போகாது. இந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

கையில் இருக்கும் கடவுச்சீட்டை என்ன செய்வது

கிழிக்காதீர்கள், தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுக்காதீர்கள். உண்மையை மறைப்பது தனிக் குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் ஐந்து வருடத் தடை வரை போகும். கடவுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், எதற்கும் பயன்படுத்தாதீர்கள். அகதிச் சட்டம் செய்யும் லோயர் ஒருவரிடம் அதையும், 2011இல் கொடுத்த அகதிப் படிவத்தின் நகலையும், 2013இன் தீர்ப்பையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நகல் கையில் இல்லையென்றால் உங்கள் கோப்பை அரசிடம் கேட்டு எடுக்கலாம். ஏன் எடுத்தீர்கள், யார் சொல்லி எடுத்தீர்கள், அதில் ஒரு முத்திரையும் இல்லை என்பதையெல்லாம் இப்போதே எழுதி வையுங்கள். எடுத்து மட்டும் வைத்திருப்பவரின் நிலை, பயணம் செய்தவரின் நிலையை விட எவ்வளவோ மேல். எல்லைச் சேவை முகமையில் இருந்து "ஒரு சின்ன நேர்காணல்" என்று கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள்.

குடியுரிமைதான் சரியான மருந்து

கனேடியக் குடியுரிமை எடுத்தவருக்குப் பறிக்க பி.ஆர். இல்லை. அகதிக் கேஸிலோ பி.ஆர்., குடியுரிமை விண்ணப்பங்களிலோ பொய் சொன்னவர் என்று நிரூபித்தால் ஒழிய, ஊருக்குப் போனதற்காக அவரை ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் 2015இல் பி.ஆர். ஆனவர், 2017இல் திருச்சிக்குப் போனதைத் தவிர நாட்டை விட்டு அசையவில்லை. ஐந்து வருடத்தில் 1,095 நாள் என்ற கணக்கு எப்போதோ நிறைந்துவிட்டது. நீங்கள் தயங்குவது இங்கிலீசுக்குப் பயந்து என்று கடிதத்தில் தெரிகிறது. அந்தப் பயம் உண்மையை விடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

மொழித் தகுதிக்குக் கேட்பது பேசுவதும் கேட்டு விளங்குவதும் மட்டுமே. எழுதவும் வாசிக்கவும் தனிச் சோதனை இல்லை. கனேடிய மொழி அளவில் நான்காம் மட்டம் போதும். பண்டசாலையில் சூப்பர்வைசரோடு பேசி வேலை செய்கிறவருக்கு அது எட்டாத உயரமல்ல. புதிதாக வந்தவர்களுக்கு அரசு செலவில் ஆங்கிலம் கற்பிக்கும் இலவச லிங்க் வகுப்பில் நான்காம் மட்டம் முடித்த சான்றிதழையும் ஏற்பார்கள். இரவு வேலைக்காரருக்குக் காலை வகுப்பும் இணைய வகுப்பும் உண்டு. அறிவுத் தேர்வில் 20 கேள்வி, 15 சரியாக வந்தால் போதும். தவறினால் மறுபடி எழுதவும் வாய்ப்புத் தருவார்கள். கேள்விகள் அரசு இலவசமாகத் தரும் ஒரே வழிகாட்டி நூலில் இருந்துதான் வரும். ஐந்து வருடத்தில் தேவையான மூன்று வருட வருமான வரித் தாக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் ஏறக்குறைய 650 டாலர்.

விண்ணப்பத்தில் அந்த 2023 கடவுச்சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். லோயரின் விளக்கக் கடிதமும் கூடவே போகட்டும். அதைக் காட்டினால் சிக்கல் கிளம்பாதா என்று நினைப்பீர்கள். சிறு அபாயம் இருக்கிறதுதான். ஆனால் விண்ணப்பிக்காமல் ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போடும்போது அபாயம் அப்படியே இருக்கிறது, அம்மாவின் வயதுதான் ஏறுகிறது.

குடும்பத்தில் கடும் சுகவீனம் காரணமாகப் பயணம் செய்ய வேண்டியவர்கள், விண்ணப்பத்தை அவசரமாகப் பார்க்கும்படி கேட்கலாம். எல்லாருக்கும் கொடுப்பார்கள் என்றில்லை, ஆனால் கேட்காமல் விடாதீர்கள். இதற்கு ஆதாரம் வேண்டும். அம்மாவின் கிளினிக் கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை படமெடுத்து அனுப்பும்படி ஊரில் இருக்கும் உங்கள் தங்கச்சியிடம் சொல்லுங்கள். வைத்தியர் பார்த்த திகதி, மருந்தின் பெயர், அளவு, கையெழுத்து எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். நோயின் பெயரையும் நிலையையும் எழுதிய வைத்தியரின் கடிதம் ஒன்றும் ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள்.

சத்தியப்பிரமாணம் முடிந்ததும் கனேடியக் கடவுச்சீட்டு எடுத்து, அதில் இலங்கை விசாவோடுதான் போக வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவரின் இலங்கைக் குடியுரிமை, இரட்டைக் குடியுரிமை பெறாவிட்டால், அத்தோடு முடிந்துவிடும். பழைய கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டாம்.

அதுவரை அம்மாவைப் பார்ப்பது எப்படி

குடியுரிமைக்குச் சுமார் ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுக்கலாம். இதய நோயாளி ஒருவருக்கு ஒரு வருடம் நீண்ட காலம்தான். எனவே மற்ற வழிகளையும் கூடவே தொடங்குங்கள்.

உங்கள் மனைவி ஸ்பொன்சரில் வந்தவர், அகதியாக ஏற்கப்பட்டவர் அல்ல. அவரை இந்தச் சட்டம் தொடாது. அவரும் பிள்ளைகளும் அடுத்த பள்ளி விடுமுறைக்கே கிளிநொச்சிக்குப் போய் வரலாம். பிள்ளைகள் கனேடியக் கடவுச்சீட்டில் போகட்டும். தகப்பன் கூடப் போகாததால், நீங்கள் சம்மதித்துக் கையெழுத்திட்ட கடிதத்தை நொத்தாரிஸ் முன் உறுதிப்படுத்திக் கொடுத்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துப் பார்ப்பது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் அம்மாவைப் பார்க்க எனக்குச் சிறந்ததாகப் படுவது 2017இல் செய்ததுதான், அதாவது தமிழ்நாட்டில் சந்திப்பது. அம்மா யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இலங்கையருக்கு இந்திய ஈ-விசா இருக்கிறது. அங்கேயே இதய வைத்தியரிடம் காட்ட நினைத்தால் மருத்துவ விசாவும் கூட வருபவருக்கான விசாவும் எடுக்கலாம். நீங்கள் புதிதாக அகதிப் பயணப் பத்திரம் எடுக்க வேண்டும். பி.பி.டி.சி. 190 என்ற படிவம், படங்கள், உங்களைத் தெரிந்த கியாரண்டர் ஒருவர், ரெஃபரன்ஸ் இருவர் தேவைப்படும். இலங்கை தவிர்ந்த நாடுகளுக்கு அது செல்லும். பயணப் பத்திரக்காரருக்கு இந்திய ஈ-விசா கிடையாது. விசா சேவை நிலையம் வழியாகக் காகித விண்ணப்பம்தான், இலங்கையில் பிறந்தவர் என்றால் மாதக் கணக்கிலும் இழுக்கலாம். இந்த இழுபறியில் சலித்துத்தான் பலர் "கையில் இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கிறதே, அதில் இரண்டு நாளில் ஈ-விசா எடுத்துவிடலாமே" என்று போகிறார்கள். மூன்றாம் நாட்டுக்கு என்றாலும் அந்தப் பயணமும் உங்களுக்கு எதிராக எண்ணப்படும். விசா கையில் வரும்வரை டிக்கெட் வாங்காதீர்கள். திரும்பி வர பி.ஆர். கார்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது வழி சுப்பர் விசா, அதாவது பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கத் தரும் கனேடிய விசா. பி.ஆர். ஆக இருந்தாலே அம்மாவைக் கூப்பிடலாம். ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம். அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர் குடும்பத்துக்கு அரசு சொல்லும் குறைந்த வருமானம் உங்களுக்கு இருக்க வேண்டும், மனைவியின் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். கொழும்பில் அங்கீகரிக்கப்பட்ட வைத்தியரின் பரிசோதனையும், குறைந்தது ஒரு வருடத்துக்கு 100,000 டாலர் மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். தடுக்கி விழும் இடம் இந்தக் காப்புறுதிதான். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பு வேண்டுமானால், குறிப்பிட்ட காலம் நோய் "மாறாமல்" இருந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். பொதுவாக 90 அல்லது 180 நாள். போன மாதம் வைத்தியர் ஒரு குளிசையின் அளவைக் கூட்டியிருந்தாலே அது மாற்றமாகிவிடும். விலையை மட்டும் பார்த்து வாங்கினால், இங்கே வந்து நெஞ்சுவலி வரும் நாளில் நிறுவனம் கையை விரிக்கும், பில் உங்கள் தலையில் விழும். கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்லி வாங்குங்கள். இவ்வளவு நீண்ட விமானப் பயணத்தை அம்மாவின் இதயம் தாங்குமா என்பதை அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அவர் தயங்கினால் நீங்களும் ஆசைக்காக வற்புறுத்தாதீர்கள்.

கொள்ளி வைப்பதைப் பற்றி

கடிதத்தின் இந்த வரி என்னை நிறுத்தி வைத்தது. குடியுரிமைக்கு முன் அப்படி ஒன்று நடந்தால், இரவோடிரவாக டிக்கெட் வாங்கிக் கொடுக்கச் சொந்தக்காரர் வரிசையில் நிற்பார்கள். பலர் மாட்டிக்கொள்வது அந்த ஒரு இரவில்தான். செத்தவீடு என்பதும் நோக்கமாகக் கவனிக்கப்படும், ஆனால் அதுவும் விலக்கு அல்ல. அந்த இரவில் முடிவெடுக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆகவே இப்போதே தங்கச்சியோடு பேசி வையுங்கள். கொள்ளியைத் தம்பி முறையானவரோ மருமகனோ வைக்க, முப்பத்தொன்றாம் நாள் கிரியையை இங்கே நீங்கள் செய்வது எம்மவர் எத்தனையோ குடும்பங்களில் நடக்கிறது. அம்மாவிடமும் உங்கள் நிலையைச் சொல்லுங்கள். "வர மனமில்லை" என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதை விட, "வந்தால் இவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று தெரிந்திருப்பது அவருக்குத் தாங்கக்கூடியது. பிள்ளையைக் காப்பாற்றத்தானே 2010இல் அவரே உங்களை அனுப்பி வைத்தார்.

இந்த வாரத்திலேயே தொடங்கக்கூடிய ஒரு வேலை ஊரில் இருக்கிறது. அம்மாவின் கடவுச்சீட்டு 2017இல் திருச்சிப் பயணத்துக்காக எடுத்தது என்கிறீர்கள். பத்து வருடக் கணக்கில் அது 2027இல் முடியும். இந்திய விசாவுக்குக் குறைந்தது ஆறு மாத ஆயுள் கேட்பார்கள். சுப்பர் விசாவும் கடவுச்சீட்டின் ஆயுளைத் தாண்டிக் கிடைக்காது. உடம்பு ஓரளவு தெம்பாக இருக்கும் ஒரு நாளில் தங்கச்சி அவரை வவுனியா கடவுச்சீட்டு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் புதுப்பித்துவிடட்டும்.